பிள்ளை பெற்ற பின் இரத்தப்போக்கு: எப்போது காத்திருக்கக் கூடாது

பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களுக்கும் இரத்தம் போகும். சிலருக்கு அது அளவு மீறிப் போகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் இருந்தபடியே எப்படி அறிவது, அறிந்தவுடன் என்ன செய்வது என்பதைச் சொல்வதற்கே இந்தக் கையேடு. கர்ப்பிணியான உங்களுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் உங்கள் கணவர், அம்மா, மாமியார், பத்தியத்துக்குத் துணையாக வரப்போகிறவர் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். இரத்தம் அதிகமாகப் போகும் நேரத்தில் உங்களுக்கு மயக்கமாக இருக்கும். மருத்துவமனைக்குப் போவதா, விடியும்வரை பார்ப்பதா என்று அப்போது முடிவெடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

சூலியா தெருவிலோ அதைச் சுற்றியுள்ள தெருக்களிலோ நீங்கள் குடியிருந்தால் பினாங்கு மருத்துவமனை இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம்தான். மகப்பேறு மருத்துவர்களும் இரத்த வங்கியும் அறுவை அறையும் இரவு பகலாக அங்கே இருக்கின்றன. ஆகவே இங்கே தூரம் ஒரு தடையே இல்லை. வீட்டு மாடியில், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று கழியும் நேரமே ஆபத்து.

"கெட்ட இரத்தம் போகட்டும்"

பிரசவத்துக்குப் பின் போவது பத்து மாதமாகத் தேங்கிக் கிடந்த கெட்ட இரத்தம், அது முழுதும் போனால்தான் உடம்பு தேறும் என்று நம் வீடுகளில் பல தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கருப்பையில் கெட்ட இரத்தம் என்று ஒன்று தேங்குவதில்லை. போவது உங்கள் இதயத்திலிருந்து வரும் அதே இரத்தம். அது குழந்தைக்குப் பாலாக வேண்டிய சத்தையும் உங்களை நடமாட வைக்கும் பலத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

அந்த இரத்தம் ஏன் அவ்வளவு வேகமாகப் போக முடியும் என்று கேட்கலாம். நிறைமாதத்தில் உங்கள் கருப்பைக்கு ஒவ்வொரு நிமிடமும் 500 முதல் 700 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. கடையில் வாங்கும் சிறிய குடிநீர்ப் போத்தல் ஒன்று 500 மில்லிலிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு ஒரு போத்தல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்தபடி நிற்கும். அவற்றை மூடுவது கருப்பையின் தசைதான். தசை இழைகள் குழாய்களைச் சுற்றிப் பின்னிக் கிடக்கின்றன. கருப்பை இறுக, குழாய்கள் நெரிபட்டு இரத்தம் நிற்கும். கருப்பை இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் நிற்காது. பிரசவத்துக்குப் பின் வரும் கடும் இரத்தப்போக்கில் பத்தில் ஏழு இப்படி வருவதுதான். மற்றவை நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிடுவதாலும், பிறப்புவழியில் ஏற்படும் கிழிசலாலும், இரத்தம் உறையும் தன்மை கெடுவதாலும் வருகின்றன.

(நஞ்சுக்கொடி என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பெயரில் நஞ்சு இருப்பதால் அதை விஷம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. குழந்தைக்கு ஒன்பது மாதம் சோறு போட்ட உறுப்பு அது. அதன் துண்டு ஒன்று உள்ளே தங்கினால் ஆபத்து வருவதற்குக் காரணம், கருப்பையை இறுக விடாமல் அது தடுப்பதுதான்.)

எவ்வளவு போனால் அதிகம்?

சாதாரணப் பிரசவத்தில் 500 மில்லிலிட்டருக்கு மேலும், அறுவைப் பிரசவத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் போனால் அதை மருத்துவர்கள் அதிக இரத்தப்போக்கு என்பார்கள். வீட்டில் யாரும் அளந்து பார்க்க முடியாது. கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவும் நம்பத்தகாதது. அனுபவமுள்ள தாதியர்கூட உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. துணியிலும் மெத்தையிலும் ஊறியது கணக்கில் வராமல் போய்விடும்.

எனவே வீட்டில் பேடையும் கடிகாரத்தையும் வைத்துக் கணக்கிடுங்கள். பிரசவத்துக்கான பெரிய பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்து, அடுத்ததும் அப்படியே நனைந்தால் அது அதிகம். கோழிமுட்டை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ கட்டி விழுந்தால் அதிகம். பேடையும் மீறிக் காலில் வழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, உடனே கிளம்ப வேண்டும்.

கருவுற்ற உடம்பில் வழக்கத்தைவிட ஏறத்தாழப் பாதி அளவு இரத்தம் கூடுதலாக ஊறியிருக்கும். பிரசவத்தில் போகும் இரத்தத்தைத் தாங்குவதற்கு இயற்கை செய்த ஏற்பாடு அது. ஆனால் அதுவே நம்மை ஏமாற்றவும் செய்யும். ஒரு லிட்டருக்கு மேல் போன பிறகும் பெண் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாள், இரத்த அழுத்தமும் சரியாகவே காட்டும். பிறகு திடீரென்று விழும். முதலில் மாறுவது நாடித்துடிப்பு. வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் அது காட்டும் நாடி எண்ணையும் பாருங்கள். நாடி எண் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை நெருங்கினாலோ தாண்டினாலோ அவர் அபாயத்தில் இருக்கிறார். கருவி இல்லாவிட்டால் கையைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்து வியர்த்த கை, வெளுத்த உதடு, வேகமான மூச்சு, காரணமில்லாத பதற்றம், அடங்காத தாகம், எழுந்தால் கண் இருட்டுவது ஆகியவை உடம்பு தோற்கத் தொடங்கியதன் அறிகுறிகள். பிரசவமானவள் களைத்துப் போயிருக்கிறாள், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

வீடு திரும்பிய பிறகு

முதல் மூன்று நான்கு நாட்கள் இரத்தம் நல்ல சிவப்பாக இருக்கும். பிறகு பழுப்பாகி, இரண்டாம் வாரத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையாகி, நான்கு முதல் ஆறு வாரத்தில் நின்றுவிடும். இந்த வரிசை முன்னோக்கித்தான் போக வேண்டும். பழுப்பானது மீண்டும் சிவப்பாகி அதிகமாகப் போனால், அது பத்தாம் நாளானாலும் முப்பதாம் நாளானாலும், உள்ளே துண்டு தங்கியிருக்கலாம் அல்லது கிருமி தொற்றியிருக்கலாம். காய்ச்சலோ துர்நாற்றமோ சேர்ந்துகொண்டால் அன்றே காட்ட வேண்டும். பிரசவத்துக்குப் பின் பன்னிரண்டு வாரம் வரை இப்படி நேரலாம்.

பத்தியத்தைக் கைவிடுங்கள் என்று இங்கே சொல்லவில்லை. பூண்டுக் குழம்பும் நல்லெண்ணெயும் ஓய்வும் உங்களுக்கு நன்மையே செய்யும். ஆனால் தண்ணீரைக் குறைப்பது, கீரையையும் மீனையும் தவிர்ப்பது, மருத்துவமனையில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைச் "சூடு" என்று ஒதுக்குவது ஆகியவை இரத்தம் இழந்த உடம்புக்குக் கெடுதல். வயிற்றை உருவிவிடுவதையும் இறுக்கிக் கட்டுவதையும் தாதியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அறுவைப் பிரசவம் என்றால் கேட்காமல் செய்யவே கூடாது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசலைத் தாண்டக் கூடாது என்ற வழக்கம் ஓய்வுக்காக வந்தது. இரத்தம் போகும்போது அதைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

சமூகத் தாதி முதல் பத்து நாட்களில் பல முறை வீட்டுக்கே வருவார். கருப்பை சுருங்குகிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், பேடைக் காட்டச் சொல்வார். வெட்கப்படாமல் காட்டுங்கள். பத்தியத்துக்காக அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தால், அது பட்டர்வொர்த்தோ சுங்கை பட்டாணியோ, அந்த முகவரியைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் தாதி பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

பிரசவத்துக்கு முன்பே செய்யக்கூடியது

கிளினிக்கில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் ஒரு நிற ஒட்டி இருக்கும். வெள்ளை என்றால் கிளினிக் தாதியரே பார்த்துக்கொள்வார்கள். பச்சை என்றால் கிளினிக் மருத்துவரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் மருத்துவமனையில் மகப்பேறு நிபுணரிடம் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனையில் சேர வேண்டும். நிறம் மாறுவது உங்கள் குற்றம் அல்ல. உங்களுக்கு எந்த இடத்தில், யாருடைய கவனிப்பு வேண்டும் என்பதை அது சொல்கிறது, அவ்வளவுதான். ஏன் இந்த நிறம் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அது இரத்தச் சோகை. இரத்தச் சோகை உள்ள பெண்ணுக்கு அரை லிட்டர் இழப்பே பெரிய இழப்பாகிவிடும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடும் காப்பியோடும் போட வேண்டாம், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு அல்லது கொய்யாவோடு போடுங்கள்.

இரத்த வகையையும் கவனியுங்கள். ஆர்எச் நெகட்டிவ் வகை மலாய், சீன சமூகங்களைவிட இந்திய வம்சாவளியினரிடையே அதிகம். ஆனாலும் நாட்டில் மொத்தமாகப் பார்த்தால் அது அரிய வகைதான். அவசரத்தில் தேடுவது கடினம். உங்களுக்கு அந்த வகை என்றால் மருத்துவமனைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். குழந்தை பாசிட்டிவ் வகையாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசி போடுவார்கள். அடுத்த குழந்தையைக் காப்பதற்கான ஊசி அது. உங்கள் குடும்பத்தில் அதே வகை உள்ளவர்கள் இருந்தால் இப்போதே இரத்த தானம் செய்யப் பதியச் சொல்லுங்கள்.

முன் பிரசவத்தில் அதிக இரத்தம் போயிருந்தால், இரட்டைக் குழந்தைகள் என்றால், ஐந்தாறு பிள்ளை பெற்றவர் என்றால், முன்பு அறுவைப் பிரசவம் நடந்திருந்தால், வீட்டில் பிரசவம் பார்க்கும் எண்ணமே வேண்டாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் சற்று விளக்க வேண்டும். பழைய அறுவைத் தழும்பின் மேல் இந்த முறை நஞ்சுக்கொடி தாழ்வாக ஒட்டினால் அது தசைக்குள் வேர்விட்டுவிடலாம், பிறகு பிரியாது. முன்கூட்டியே ஸ்கேனில் கண்டால், போதிய இரத்தத்தோடும் நிபுணர்களோடும் நாள் குறித்து அறுவை செய்வார்கள். காணாமல் விட்டால் பிரசவ அறையில்தான் தெரியவரும். முன் அறுவை உள்ளவர்கள் ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கர்ப்பத்திலேயே இரத்தம் வந்தால்

முதல் மூன்று மாதத்தில் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியவை இருந்தால் கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கலாம். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படி ஆகும். இரத்தம் வயிற்றுக்குள்ளேயே போகும், வெளியே ஒரு சொட்டுதான் தெரியும். தோள் வலிக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

பிந்திய மாதங்களில் வலியே இல்லாமல் சிவப்பாக வந்தால் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கிடக்கலாம். வயிறு பலகைபோல் இறுகி, விடாமல் வலித்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்திருக்கலாம். இரண்டாவது அதிக வஞ்சகமானது. இரத்தம் உள்ளேயே தேங்கிவிடும், வெளியே கொஞ்சம்தான் தெரியும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, திடீர் முகவீக்கம் ஆகியவையும் இரத்த அழுத்தம் கைமீறுவதன் அறிகுறிகளே. அது வலிப்பில் முடியலாம், இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கலாம். குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே போங்கள்.

இன்னும் அரிதானவை உண்டு. பழைய தழும்பு விட்டுக் கருப்பை கிழிவது, கருப்பை உள்புறம் வெளியாகத் திரும்பிவிடுவது, பனிநீர் தாயின் இரத்தத்தில் கலந்து திடீரென்று மூச்சும் இதயமும் தடுமாறுவது. கடைசியாகச் சொன்னதை முன்கூட்டி அறிய வழியே இல்லை. இவை பிரசவ அறையிலேயே நேர்பவை. பயிற்சி பெற்ற கைகள் பக்கத்தில் இருக்கும் இடத்தில் பிள்ளை பெறுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

குழந்தை பிறந்தவுடன் உங்கள் தொடையில் ஓர் ஊசி போடுவார்கள். கருப்பையை இறுக்கும் மருந்து அது, எல்லாருக்கும் போடுவதுதான். அதன் பிறகும் இரத்தம் நிற்காவிட்டால் "ரெட் அலர்ட்" என்று அழைப்பு போகும். அப்போது ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஓடி வருவார்கள். ஒருவர் வயிற்றை அழுத்தித் தேய்ப்பார், அது வலிக்கும். இருவர் இரு கையிலும் ஊசி ஏற்றுவார்கள். ஒருவர் இரத்தம் எடுத்துக்கொண்டு ஓடுவார். வெளியே நிற்கும் கணவருக்கு யாரும் உடனே விளக்கம் சொல்லாமல் போகலாம். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பதறாதீர்கள். இவ்வளவு பேர் ஒன்றாக வேலை செய்வதால்தான் உயிர் பிழைக்கிறது.

இந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை 21 நாடுகளில் இருபதாயிரம் பெண்களிடம் சோதித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் நேரும் மரணம் குறைந்தது, அதற்குப் பிறகு கொடுத்தால் பலன் இல்லை. ஒவ்வொரு கால் மணி நேரத் தாமதத்துக்கும் பலன் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது பிறகு தெரிந்தது. 2023இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்தது. இரத்தத்தை அளவுக்கோடிட்ட பையில் பிடித்து உண்மையாக அளந்து, எல்லாச் சிகிச்சைகளையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். கடும் இரத்தப்போக்கு 60 விழுக்காடு குறைந்தது.

மருந்துக்கு அடங்காவிட்டால் கருப்பைக்குள் பலூன் வைத்து நீர் நிரப்பி அழுத்துவார்கள். விலை உயர்ந்த பலூன் இல்லாத இடத்துக்காக, ஓர் ஆணுறையையும் சிறுநீர்க் குழாயையும் இணைத்து அதே வேலையைச் செய்யலாம் என்று வங்காளதேச மருத்துவர் சயேபா அக்தர் 2003இல் எழுதிக் காட்டினார். அதற்கும் அடங்காவிட்டால் அறுவை அறையில் கருப்பையைத் தையலிட்டு இறுக்குவார்கள். எல்லாம் தவறினால் கருப்பையை எடுப்பார்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும்போது குடும்பம் கூடிப் பேச நேரம் இருக்காது. ஆகவே இரத்தம் ஏற்றுவது பற்றியும், கடைசி நிலையில் கருப்பையை எடுப்பது பற்றியும் கணவரும் நீங்களும் எட்டாம் மாதத்திலேயே பேசி வையுங்கள். பேசினால் நடந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மலாயா சுதந்திரம் பெற்ற 1957இல் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்தார்கள். 1991இல் அது 44. அந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு தாயின் மரணத்தையும் நிபுணர் குழு ஆராய்கிறது. யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, எங்கே தாமதமானது என்று அறிவதற்காக. தொடக்க ஆண்டுகளில் முதல் காரணமாக நின்றது பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்குதான். ரெட் அலர்ட் போன்ற ஏற்பாடுகளும் தாதியர் பயிற்சியும் வந்த பிறகு அது குறைந்தது. வீட்டுக்குள் நேரும் தாமதத்தை மட்டும் எந்தச் சுற்றறிக்கையாலும் குறைக்க முடியாது.

இரவில் அழைக்கும்போது

999ஐ அழையுங்கள். நாம் சூலியா தெரு என்று சொல்வதை "லெபு சூலியா" என்று சொல்லுங்கள், பதிவில் இருப்பது அந்தப் பெயர். கடை எண்ணையும் எந்த மாடி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாகூர் தர்கா, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று பக்கத்து அடையாளம் ஒன்றும் சொல்லுங்கள். பதற்றத்தில் மலாய் வராவிட்டால் இரண்டு சொற்றொடர் போதும்: "பாரு பெர்சாலின்" என்றால் இப்போதுதான் பிள்ளை பெற்றவர், "தும்பா டாரா" என்றால் இரத்தம் கொட்டுகிறது. இன்னும் கர்ப்பிணி என்றால் "மெங்காண்டோங்" என்று சொல்லுங்கள். இந்தச் சொற்களைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கலாம்.

வண்டி வரும்வரை அவரைச் சமமாகப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், போர்த்திவிடுங்கள். முடிந்தால் படுத்தபடியே சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை இறுக விடாது. பிரசவமான முதல் நாட்களில் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து வட்டமாக அழுத்தித் தேய்த்தால் கருப்பை பந்துபோல் இறுகுவது தெரியும், விடாமல் தேயுங்கள். நினைவோடு இருந்தால் குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்லுங்கள், பால் சப்பும்போது கருப்பை சுருங்கும். துணியை உள்ளே திணிக்காதீர்கள். உண்ணவோ கசாயம் குடிக்கவோ கொடுக்காதீர்கள். நனைந்த பேடுகளையும் விழுந்த கட்டியையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோங்கள், மருத்துவருக்கு அளவு தெரியும்.

நம் பழைய கடைவீடுகளில் மாடிப்படி குறுகலானது, செங்குத்தானது. அவரை நடக்க வைத்து இறக்காதீர்கள், பாதிப்படியில் மயங்கி விழுவார். மோட்டார் சைக்கிளில் ஏற்றவும் வேண்டாம். மாடிப்படி விளக்கைப் போட்டுவையுங்கள். ஒருவர் கீழே ஐந்தடியில் இறங்கி நிற்கட்டும், கையில் விளக்கோ கைப்பேசி வெளிச்சமோ இருக்கட்டும். மாலையில் அங்காடிக் கடைகள் போடும் நேரமென்றால் வண்டி நிற்க இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்புப் புத்தகமும் அடையாள அட்டையும் ஒரே பையில், கதவருகில் இருக்கட்டும்.

பிழைத்து வந்த பிறகு

அதிக இரத்தம் இழந்தவருக்குப் பால் தாமதமாகச் சுரக்கலாம், பல வாரம் களைப்பு இருக்கலாம். பால் சுரக்கவே இல்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை, எப்போதும் குளிர்கிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடும் இரத்தப்போக்கில் மூளையின் அடியிலுள்ள ஒரு சுரப்பி பாதிக்கப்படுவது உண்டு. அரிதானது, ஆனால் மாத்திரையால் சரிசெய்யக்கூடியது. அந்த இரவு திரும்பத் திரும்பக் கனவில் வந்தாலும், குழந்தையைத் தூக்கவே பயமாக இருந்தாலும் தாதியிடம் சொல்லலாம், அதற்கும் உதவி இருக்கிறது.

வீடு திரும்பும் முன் எவ்வளவு இரத்தம் போனது, என்ன காரணம், என்ன சிகிச்சை செய்தார்கள் என்பதைப் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை கர்ப்பம் என்று தெரிந்தவுடன், முதல் வருகையிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து தாதியிடம் காட்டுங்கள்.